வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டாம்

கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவு, 600-க்கு 496. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். நீட் எழுதினாள், எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. பெரியப்பா கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் என்கிறார். அத்தை நர்சிங் என்கிறார். முதலியார்பேட்டையில் இருக்கும் சித்தப்பா, “என் வீட்டு முகவரியைக் கொடுத்துப் புதுச்சேரியில் சேர்த்துவிடலாம்” என்கிறார். சென்னைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஏஜென்ட் வீடு தேடி வந்து, வெள்ளிக்கிழமைக்குள் 25,000 ரூபாய் முன்பணம் கட்டினால்தான் இடம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மகளோ, “ஒரு வருடம் வீட்டில் இருக்கிறேன்” என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். என்ன செய்வது என்பது கேள்வி.

அம்மா, உங்கள் கடிதத்தில் இத்தனை பேர் பேசுகிறார்கள். ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயத்தை நீங்கள் போகிற போக்கில், பாதி வரியில் எழுதியிருக்கிறீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. அந்தப் பாதி வரியின் மதிப்பு அந்த ஏஜென்ட்டுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவருக்கு வெள்ளிக்கிழமை அவசரம்.

நான் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒவ்வொரு மே மாதமும் திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டுத் திண்ணையில் நாலைந்து குடும்பங்களாவது மதிப்பெண் பட்டியலோடு உட்கார்ந்திருக்கும். அவர்களில் தவறான பாடத்தைத் தேர்ந்தெடுத்ததால் கெட்டுப்போனவர்கள் குறைவு. இயற்பியலில் சேர்ந்து பிடிக்காமல் வங்கிக்குப் போனவன், கட்டடவியல் படித்துவிட்டு ஆசிரியரானவள் என்று பலர் சுற்றி வளைத்து ஓரிடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். மீள முடியாமல் தவித்தவர்கள் வேறு வகை. தேதியைத் தவறவிட்டவர்கள், யாரிடமோ அசல் சான்றிதழைக் கொடுத்துவிட்டவர்கள், வீட்டைக் காட்டிக் கடன் வாங்கியவர்கள். ஆகவே எந்தப் படிப்பு என்பதற்கு முன்னால், எதைச் செய்துவிடக் கூடாது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

தமிழ்நாட்டில் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் பெற்றவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே செலுத்துகிறது. அரசுக் கல்லூரிக்கு மட்டும் உரிய சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தனியார் கல்லூரிகள் கலந்தாய்வுக்கு ஒப்படைக்கும் இடங்களிலும் இது உண்டு. அதே கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் நீங்களாகப் போய்ப் பணம் கட்டிச் சேர்ந்தால் இதில் எதுவும் கிடையாது. அந்த ஏஜென்ட் 25,000 ரூபாயோடு சேர்த்து உங்களிடமிருந்து வாங்கப் பார்ப்பது, இலவசமாகப் படிக்கும் உரிமையையும்தான். (அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது. அவர்கள் ஏமாற வேண்டாம் என்பதற்காக இதையும் சொல்லிவைக்கிறேன்.)

உங்கள் மகளின் பொறியியல் கட்-ஆஃப் கணக்கு எளியது. கணித மதிப்பெண் அப்படியே வரும், இயற்பியலும் வேதியியலும் பாதியாகும், மொத்தம் 200. நீங்கள் எழுதியிருப்பதன்படி கணிதம் 84, இயற்பியல் 76, வேதியியல் 80. அதாவது 84-உம் 38-உம் 40-உம் சேர்த்து 162. பொதுப் பட்டியலில் இது நடுத்தரம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான தனிப் பட்டியலில் இதே 162 வேறு முகம் காட்டும். சென்ற ஆண்டு அந்த ஒதுக்கீட்டில், உங்கள் சாதிப் பிரிவில், எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் எத்தனை கட்-ஆஃப் வரை போனது என்ற விவரம் கலந்தாய்வு இணையதளத்திலேயே இருக்கிறது. பெரியப்பாவின் கருத்தைக் கேட்பதற்கு முன் அதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

கலந்தாய்வில் நான் வருடா வருடம் பார்க்கும் பிழை ஒன்று உண்டு. விருப்பப் பட்டியலில், “கிடைக்கக்கூடியதை முதலில் போடு” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பிள்ளை அருகில் இருக்கும் சுமாரான கல்லூரியை முதல் விருப்பமாக வைப்பாள். கணினி அதையே கொடுத்துவிடும். அது கீழேயிருந்து மேலே தேடுவதில்லை. உங்கள் தரவரிசைக்கு எட்டக்கூடியவற்றில் பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அதைத்தான் தரும். ஆகவே உண்மையான ஆசை வரிசையிலேயே போடுங்கள், எத்தனை வேண்டுமானாலும் போடுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் பருவத் தேர்வுதோறும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது. பளபளக்கும் கையேட்டைவிட அந்த ஒரு பக்கம் நேர்மையானது. பண்ருட்டியில் இருக்கும் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியை நம் மாவட்டத்துக்காரர்கள் ‘இங்கேதானே’ என்ற அலட்சியத்தில் கீழே தள்ளுகிறார்கள். அதை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

இப்போது சித்தப்பாவின் யோசனைக்கு வருகிறேன். கடலூரிலிருந்து புதுச்சேரி இருபது கிலோமீட்டர் சொச்சம். முள்ளோடையைத் தாண்டினால் பெட்ரோல் விலை மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். கல்லூரிச் சேர்க்கை விதியும் அதே இடத்தில் மாறுகிறது என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். புதுச்சேரி அரசின் இடங்கள் ‘சென்டாக்’ என்ற மையச் சேர்க்கைக் குழு வழியாக நிரம்புகின்றன. அங்கே மண்ணின் பிள்ளையாகக் கணக்கில் வர ஐந்தாண்டுத் தொடர் குடியிருப்பு காட்ட வேண்டும். நெல்லிக்குப்பத்துப் பள்ளியில் ஏழு வருடம் படித்த பிள்ளைக்கு முதலியார்பேட்டைக் குடியிருப்புச் சான்று வாங்குவது பொய்ச் சான்று. பிடிபட்டால் இடமும் போகும், வழக்கும் வரும். பிடிபடாவிட்டாலும் நஷ்டம்தான், ஏனென்றால் இங்கே இருக்கும் 7.5 சதவீதத்தை விட்டுவிட்டு அங்கே வெறுங்கையோடு நிற்பாள். சித்தப்பாவின் பாசத்தில் எனக்குச் சந்தேகமில்லை. விடுமுறைக்கு அங்கே போய் இருக்கட்டும்.

அதற்காகப் புதுச்சேரி நமக்குப் பூட்டிய கதவு என்று எண்ண வேண்டாம். காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகம் 1985-இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம். சி.யூ.இ.டி. என்ற மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு எழுதிய யாரும், எந்த மாநிலத்திலிருந்தும் போகலாம். சிக்கல் தேதியில்தான். அந்தத் தேர்வுக்கான விண்ணப்பம் பொதுவாக ப்ளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே முடிந்துவிடும். உங்கள் மகள் விண்ணப்பிக்கவில்லை என்றால் இந்த ஆண்டு அது இல்லை. இதைப் படிக்கும் பதினோராம் வகுப்புப் பெற்றோர் குறித்துக்கொள்ளட்டும். காரைக்காலில் இருக்கும் என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. மெயின் தேவை. கோரிமேட்டு ஜிப்மரில் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மட்டும் நீட் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே பி.எஸ்சி. நர்சிங், துணை மருத்துவப் படிப்புகளுக்கும் நீட் மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள். எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் போதாத மதிப்பெண் இங்கே உதவலாம். ஜிப்மரின் அறிவிப்பைத் தனியாகப் பார்த்துத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். யாரும் வீட்டுக்கு வந்து கூப்பிட மாட்டார்கள்.

இதே கேள்வி புதுச்சேரி அரியாங்குப்பத்திலிருந்து வந்திருந்தால் என் பதிலும் மாறியிருக்கும். அந்தப் பிள்ளைக்குத் தமிழ்நாட்டின் 7.5 சதவீதம் கிடையாது. ஆனால் புதுச்சேரி அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அங்கே மருத்துவப் படிப்பில் 10 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. பிள்ளைச்சாவடியில் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது. லாஸ்பேட்டையில் தாகூர் அரசுக் கல்லூரியும் மோதிலால் நேரு பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. இசையோ ஓவியமோ கையில் இருந்தால் அரியாங்குப்பத்திலேயே பாரதியார் பல்கலைக்கூடம். எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் முதலில் சென்டாக் பட்டியலைக் கரைத்துக் குடிக்க வேண்டும்.

அத்தை சொல்லும் நர்சிங்கை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். நம் பகுதியில் பெண் பிள்ளைகள் பலர் சொந்தக் காலில் நின்றது அந்தப் படிப்பால்தான். தமிழ்நாட்டு அரசு இடங்களுக்கு ப்ளஸ் டூ மதிப்பெண்ணே போதும், துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வு வழியாகப் போக வேண்டும். நான்கு ஆண்டு பி.எஸ்சி., மூன்று ஆண்டு டிப்ளமோ என இரண்டு வழிகள். முடித்தபின் அரசு வேலை வேண்டுமென்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். அதில் தேர்வானாலும் ஆரம்பத்தில் பல ஆண்டுகள் தொகுப்பூதியத்தில்தான் ஓட்ட வேண்டியிருக்கும். அதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். பஸ் நிலையத்தைச் சுற்றி மாடிப்படி ஏறிப் போகும் இடங்களில் ‘ஒரே வருடத்தில் நர்சிங்’ என்று பலகை தொங்கும். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் அங்கீகாரப் பட்டியலில் அந்த நிறுவனம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கே தரும் தாளை வைத்துச் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. அந்தப் பலகைகளைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

முன்பணம் பற்றி என் வீட்டுக் கதையே ஒன்று இருக்கிறது. என் தங்கை மகன் ப்ளஸ் டூ முடித்த ஆண்டு, இதே போல ஓர் ஏஜென்ட், இதே போல ஒரு வெள்ளிக்கிழமை. நான் ஆசிரியர், விவரம் தெரிந்தவன் என்ற பெயர் வேறு. கட்டிவிட்டோம். மூன்று வாரம் கழித்துக் கலந்தாய்வில் அதைவிட நல்ல கல்லூரி கிடைத்தது. முதலில் சேர்ந்த இடத்தில் பணத்தைத் திருப்பித் தர முடியாது என்றார்கள். அது போகட்டும் என்று விட்டோம். மதிப்பெண் சான்றிதழின் அசலையும் தர மறுத்தார்கள். ஐந்து முறை பஸ் ஏறிப் போய் வாசலில் உட்கார்ந்துதான் வாங்கினேன். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் தெளிவாகவே அறிவித்திருக்கிறது. சரிபார்க்க அசலைக் காட்டலாம், நகலைக் கொடுக்கலாம், அசலை அன்றே கையோடு வாங்கி வர வேண்டும். அன்றைக்கு இது எனக்குத் தெரியவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஏஜென்ட் ‘கல்விக் கடன் வாங்கித் தருகிறோம்’ என்றும் சொல்லியிருப்பார். அந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 2 லட்சம், நான்கு ஆண்டு, மொத்தம் 8 லட்சம் என்று வையுங்கள். வட்டி 10 சதவீதம். படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள், ஆனால் வட்டி அப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். முதலாண்டுப் பணத்துக்கு ஐந்து வருட வட்டி 1 லட்சம், அடுத்ததற்கு 80,000, பிறகு 60,000, பிறகு 40,000. தனிவட்டியாகவே 2,80,000 ஏறி, தவணை தொடங்கும் நாளில் கடன் 10,80,000 ஆகியிருக்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் ஏறத்தாழ 14,300 ரூபாய். முதல் சம்பளம் 20,000 என்றால் சென்னையில் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் எது மிஞ்சும்? நல்ல படிப்புக்குக் கடன் வாங்குவதில் தவறில்லை. இலவசமாகக் கிடைக்கக்கூடிய அதே படிப்புக்கு வாங்குவதுதான் அநியாயம்.

பொறியியலும் வேண்டாம், நர்சிங்கும் வேண்டாம் என்றால் வானம் இடிந்துவிடாது. தேவனாம்பட்டினத்தில் பெரியார் அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது, கட்டணம் மிகக் குறைவு. பெண்களுக்கென்றே கந்தசாமி நாயுடு கல்லூரி இருக்கிறது. சிதம்பரத்தில் 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 2013 முதல் அரசின் கையில். பரங்கிப்பேட்டையில் இருக்கும் அதன் கடல்சார் உயிரியல் மையத்துக்கு எங்கெங்கிருந்தோ வந்து ஆராய்ச்சி செய்கிறார்கள். கடலோரத்தில் பிறந்த நம் பிள்ளைகளில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. என் பாடமான வேதியியலில் பி.எஸ்சி. முடித்தவர்கள் சிப்காட் ஆலைகளின் ஆய்வுக்கூடங்களில் வேலை பார்க்கிறார்கள். ஷிப்ட் வேலை, நெடி, ஆனால் வேலை. ப்ளஸ் டூவில் கணிதம், அறிவியல் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், டிப்ளமோ முடித்துப் பொறியியலில் மறுபடி இரண்டாம் ஆண்டில் நுழையலாம் என்பதும் நினைவிருக்கட்டும். நெய்வேலி என்.எல்.சி.யில் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு ஐ.டி.ஐ., டிப்ளமோ, பட்டம் எல்லாவற்றுக்கும் அழைப்பு வரும். பயிற்சி நிரந்தர வேலையாக மாறும் என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும், அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். பஸ் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குத் தன் பெயரில் வரும் ஆயிரம் ரூபாய் சிறிய விஷயமல்ல.

மிச்சம் இருப்பது உங்கள் மகள். கடிதம் முழுக்க எல்லோரும் பேசுகிறார்கள், அவள் பேசியது ஒரே ஒரு வரி. ‘ஒரு வருடம் வீட்டில் இருக்கிறேன்’ என்பதற்கு என் அனுபவத்தில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, மறுபடி நீட் எழுத வேண்டும், கேட்கத் தயக்கம். இரண்டு, தோற்றுவிட்டோம் என்ற வெட்கம், கொஞ்ச நாள் யாரும் முகத்தைப் பார்க்க வேண்டாம். எது என்று நீங்கள்தான் கேட்க வேண்டும், அதுவும் பெரியப்பாவும் அத்தையும் இல்லாத நேரத்தில், சமையலறையில், ஏதாவது வேலை செய்துகொண்டே. நேருக்கு நேர் உட்காரவைத்து விசாரித்தால் எந்தப் பிள்ளையும் வாயைத் திறக்காது.

நீட்தான் என்றால் கணக்கைப் பாருங்கள். அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் உங்கள் பிரிவில் சென்ற ஆண்டு கடைசியாக இடம் கிடைத்த மதிப்பெண் என்ன, இவள் எடுத்தது என்ன? இடைவெளி ஐம்பது மதிப்பெண்ணுக்குள் என்றால் ஒரு வருடம் கொடுக்கலாம் என்பேன். அந்த ஒதுக்கீட்டுத் தகுதி அடுத்த ஆண்டும் அவளுக்கு இருக்கும். இருநூறு என்றால் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் என்றால் அது அவள் படிக்கும் விதத்தைப் பொறுத்தது, அவளுடைய உயிரியல் ஆசிரியையைக் கேளுங்கள், என்னைவிட அவருக்குத் தெரியும்.

வெட்கம்தான் என்றால், வீட்டில் வைத்திருப்பது அதை வளர்க்கும். ஒரு செவிலியர் பணி முடிந்து வரும் நேரத்தில் அரை மணி பேசவிடுங்கள், இரவுப் பணி எப்படி இருக்கும், முதல் முறை ரத்தம் பார்த்தபோது என்ன ஆனது என்று கேட்கட்டும். பக்கத்துத் தெருவில் மென்பொருள் வேலை பார்க்கும் பெண் விடுமுறைக்கு வந்தால், நாள் முழுக்கத் திரையில் என்ன செய்கிறாள் என்று காட்டச் சொல்லுங்கள். படிப்பின் பெயரை வைத்து ஆசைப்படுகிற பிள்ளைகள், அந்த வேலையின் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையைப் பார்த்ததும் தாங்களே முடிவுக்கு வந்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இ-சேவை மையத்தில் சாதி, வருமானம், இருப்பிடச் சான்றுகள் செல்லுபடியாகும் நிலையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். குடும்பத்தில் பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றையும் வாங்கி வையுங்கள். பள்ளிக்குப் போய், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிதான் என்பது கல்வித்துறையின் இ.எம்.ஐ.எஸ். பதிவில் சரியாக இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். இடையில் பள்ளி மாறியிருந்தால் அங்கேதான் ஓட்டை விழும். பிறகு பொறியியல், துணை மருத்துவம் இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். இரண்டுக்கும் விண்ணப்பிக்கத் தடை இல்லை, முடிவை ஜூலை வரை தள்ளிப்போட அதுவே வழி. இணையத்தில் தடுமாறினால் மாவட்டத்தில் இருக்கும் கலந்தாய்வுச் சேவை மையத்துக்குப் போங்கள், அங்கே உதவிக்குக் காசு கேட்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஏஜென்ட் போன் செய்தால், “தரவரிசைப் பட்டியல் வரட்டும், பேசுகிறோம்” என்று மட்டும் சொல்லுங்கள். அடுத்த வாரமே 25,000 பதினைந்தாயிரமாக இறங்கினால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அதைக் கேட்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.